கடல் கேட்டவருக்குக் கண்ணாடிப் பெட்டி: சார்லஸ் பைர்ன் எலும்புக்கூடு குறித்த நிகழ்வு ஆய்வு

1783 ஜூன் மாதத்தில் லண்டனிலிருந்து கடலை நோக்கி ஒரு மிகப் பெரிய சவப்பெட்டி புறப்பட்டது. உடன் சென்றவர்கள் இறந்தவரின் நண்பர்கள். தன் உடலை ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடி ஆழ்கடலில் இறக்கிவிட வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நிறைவேற்றிவிட்ட நிம்மதியோடு அவர்கள் ஊர் திரும்பினார்கள். பெட்டிக்குள் இருந்தவை கற்கள். உடல் ஏற்கெனவே லண்டனின் மிகப் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான ஜான் ஹண்டரின் கைக்குப் போய்விட்டிருந்தது.

பெட்டி எந்த இடத்தில் மாறியது, எவ்வளவு பணம் கைமாறியது என்பதிலெல்லாம் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. 500 பவுண்டு என்பது அடிக்கடி சொல்லப்படும் தொகை. முடிவில் மட்டும் எந்தக் கதையிலும் வேறுபாடு இல்லை. இறந்தவரின் எலும்புகள் கடலுக்குப் போகவில்லை. இன்றும் லண்டனில்தான் இருக்கின்றன.

மனித உடலைப் பாதுகாத்து வைப்பதும் பார்வைக்கு வைப்பதும் சரியா என்ற கேள்விக்கு இந்த நிகழ்வை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இப்படிப்பட்ட விவாதங்களில் வழக்கமாக இரண்டு சமாதானங்கள் முன்வைக்கப்படும். ஒன்று, இறந்தவரின் விருப்பம் என்னவென்று நமக்குத் தெரியாதே என்பது. மற்றொன்று, அந்தக் காலத்தில் அது தவறாகக் கருதப்படவில்லையே என்பது. சார்லஸ் பைர்ன் விஷயத்தில் இரண்டுமே எடுபடாது. அவர் வேண்டாம் என்று சொன்னார். அவர் வேண்டாம் என்று சொன்னது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் லஞ்சமும் இரவுப் பயணமும் தேவைப்பட்டன.

மனிதர்

பைர்ன் 1761இல் இன்றைய வட அயர்லாந்தில், லண்டன்டெரி, டைரோன் என்ற இரு மாவட்டங்களின் எல்லையில் உள்ள லிட்டில்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் சாதாரண உயரம் கொண்டவர்கள்தான். பிள்ளை மட்டும் வளர்ந்துகொண்டே போனான். காரணம் புரியாத ஊரார், வைக்கோற்போரின் உச்சியில் கருவான குழந்தை என்பதால்தான் இப்படி நெடுநெடுவென வளர்கிறது என்று பேசிக்கொண்டார்களாம். நோய்க்கு மருத்துவம் பெயர் வைக்காத காலத்தில் ஊர் வைத்த பெயர் அது.

இருபது வயதை ஒட்டி ஊரைவிட்டுக் கிளம்பி, போகும் வழியெல்லாம் காசு வாங்கிக்கொண்டு தன்னைக் காட்டியபடியே 1782இல் லண்டன் வந்து சேர்ந்தார். எடின்பரோவில் ஏணியில்லாமல் தெருவிளக்கில் புகைக்குழாயைப் பற்றவைத்தார் என்றொரு கதை உண்டு. விளம்பரங்கள் அவருடைய உயரத்தை 8 அடிக்கு மேல் என்று அடித்துச் சொல்லின. எலும்புகள் சொல்வது சுமார் 7 அடி 7 அங்குலம். விளம்பரம் எக்காலத்திலும் விளம்பரம்தான். ஸ்பிரிங் கார்டன்ஸ் பகுதியில் ஒரு வீட்டில் அமர்ந்து, ஆளுக்கு இரண்டரை ஷில்லிங் வாங்கிக்கொண்டு அவர் காட்சி தந்தார். கூட்டம் குவிந்தது. செய்தித்தாள்கள் அவரை ‘அயர்லாந்தின் ராட்சத மனிதர்’ என்று கொண்டாடின.

புதுமை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. வேறு நெட்டை மனிதர்கள் லண்டனுக்கு வந்தார்கள், கட்டணம் இறங்கியது, குடி ஏறியது. 1783 ஏப்ரலில் ஒரு மதுவிடுதியில் இருந்தபோது, வங்கித் தாள்களாக அவர் சட்டைப்பையில் வைத்திருந்த 700 பவுண்டுக்கும் மேலான சேமிப்பு திருடுபோனது. ஜூன் 1ஆம் தேதி காக்ஸ்பர் தெருவில் உள்ள அறையில் இறந்தார். வயது 22.

உடல்

பைர்ன் நோயில் கிடந்தபோதே உடற்கூறியலாளர்கள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். கிரீன்லாந்துக் கடலில் வேட்டைக்காரர்கள் ஒரு பெரிய திமிங்கிலத்தைச் சூழ்ந்துகொள்வதைப் போல அறுவை மருத்துவர்கள் அவர் வீட்டைச் சூழ்ந்து நிற்கிறார்கள் என்று அன்றைய செய்தித்தாள் ஒன்று எழுதியது. ஹண்டர் தன் ஆளான ஹவிசன் என்பவரைப் பைர்னின் இருப்பிடத்தைக் கண்காணிக்க அமர்த்தியிருந்தார். தான் எங்கு குடிபோனாலும் அதே முகம் அருகில் தட்டுப்படுவதை அந்த இளைஞர் கவனிக்காமலா இருந்திருப்பார்?

கத்தியைக் கண்டு அவர் பயந்ததை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அன்றைய சட்டத்தைப் பார்த்தால் அந்தப் பயத்தின் பொருள் விளங்கும். 1752ஆம் ஆண்டின் கொலைச் சட்டம், தூக்கிலிடப்பட்ட கொலைகாரர்களின் உடலைப் புதைக்கவிடாமல் அறுப்பதற்கு மருத்துவர்களிடம் ஒப்படைத்தது. மரண தண்டனைக்கு மேலே ஒரு கூடுதல் அச்சமும் இழிவும் வேண்டும் என்பதே அதன் வெளிப்படையான நோக்கம். அதாவது, அறுவை மேசை என்பது அரசே அறிவித்த அவமானம். ஒரு குற்றமும் செய்யாத பைர்னுக்குக் காத்திருந்தது கொலைகாரனின் முடிவு. அவர் கடலைக் கேட்டதிலும் கவிதை எதுவும் இல்லை. மண்ணில் புதைத்தால் தோண்டிவிடுவார்கள், கடலில் தோண்ட முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கைத் தப்பாக்கிய ஹண்டர் உடலைத் தன் ஏர்ல்ஸ் கோர்ட் வீட்டுக்குக் கொண்டுபோனார். அங்கே துண்டுகளாக்கி, கொதிநீரில் வேகவைத்து, எலும்பை மட்டும் பிரித்தெடுத்தார். பொறுமையாக அறுத்துக் குறிப்பெடுக்க அவருக்கு நேரமில்லை, பிடிபடாமல் இருப்பதே முதல் கவலையாக இருந்தது. எலும்புகள் பழுப்பேறிக் கிடப்பதற்கு அந்த அவசர வேக்காடுதான் காரணம் என்பது வழக்கமான விளக்கம். பின்னாளில் இயற்கை அறிவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதத்தில், ஓர் உயரமான மனிதர் தனக்குக் கிடைத்ததாகவும், அப்போது குறிப்பிட்டுச் சொல்லும்படியான அவதானிப்பு எதையும் செய்ய முடியவில்லை என்றும் ஹண்டரே ஒப்புக்கொள்கிறார். அறிவியலுக்காகச் செய்தார் என்று வாதாடுகிறவர்கள் இந்த வரியைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். திருட்டின் அவசரம் அறிவியலையே தின்றுவிட்டது. கிடைத்தது ஓர் அரிய சேகரிப்புப் பொருள்.

சில ஆண்டுகள் அதை அவர் யாருக்கும் காட்டவில்லை. 1786இல் ஜோஷுவா ரெனால்ட்ஸ் தீட்டிய ஹண்டரின் உருவப்படத்தில், மேல் மூலையில் ஓர் எலும்புக்கூட்டின் கால்கள் மட்டும் தொங்குகின்றன. விஷயம் தெரிந்தவர்களுக்கு அது யாருடைய கால் என்று புரிந்திருக்கும். ஹண்டர் 1793இல் இறந்தார். அவருடைய சேகரிப்பை 1799இல் அரசு 15,000 பவுண்டுக்கு வாங்கி அறுவை மருத்துவர்களின் அமைப்பிடம் ஒப்படைத்தது. அந்த அமைப்புதான் அடுத்த ஆண்டு முதல் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ். அதன் ஹண்டேரியன் அருங்காட்சியகத்தில்தான் பைர்னின் எலும்புக்கூடு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்வைக்கு நின்றது. 1941 மே மாதக் குண்டுவீச்சில் அந்தச் சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது. பைர்ன் தப்பினார். தப்பினார் என்று சொல்வதா, மாட்டிக்கொண்டே இருந்தார் என்று சொல்வதா, தெரியவில்லை.

யாருக்குச் சொந்தம்?

சட்டம் இந்த நிகழ்வில் நடந்துகொண்ட விதம் விசித்திரமானது. மற்றப் பகுதிகளைவிட இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பழைய விதி, பிணம் யாருக்கும் சொத்தல்ல என்பது. 1614இல் ஹெயின்ஸ் என்பவர் கல்லறைகளைத் தோண்டிச் சவத்துணிகளை உருவிய வழக்கில், துணிக்குச் சொந்தக்காரர் உண்டு, எனவே துணியை எடுத்தது திருட்டு என்று முடிவானது. பிணத்தை எடுப்பது திருட்டாகாது என்ற எண்ணம் இந்த வழியில்தான் வேரூன்றியது. அதனால் பின்னாளைய பிணத்திருடர்கள் உடலை எடுத்துக்கொண்டு துணியைக் கவனமாகக் குழியிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். சட்டம் தெரிந்த திருடர்கள். பைர்ன் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1788இல் லின் என்பவர் மீதான வழக்கில்தான், அறுத்துப் பார்ப்பதற்காக இடுகாட்டிலிருந்து உடலை எடுப்பது குற்றம் என்று நீதிமன்றம் சொன்னது. அதுவும் திருட்டு என்ற பெயரில் அல்ல, பொது ஒழுக்கத்துக்கு எதிரானது என்ற பெயரில்.

உடல் யாருக்கும் சொத்தல்ல என்றால் இறந்தவருக்கும் சொத்தல்ல. 1882இல் வில்லியம்ஸ் எதிர் வில்லியம்ஸ் வழக்கில் இது வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. ஒருவர் தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தாலும் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆக, பைர்ன் தன் ஆசையைப் பத்திரத்தில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

பிறகு 1908. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் முன் டூட்வர்ட் எதிர் ஸ்பென்ஸ் என்ற வழக்கு வந்தது. இரண்டு தலைகளோடு இறந்து பிறந்த ஒரு சிசுவை மருத்துவர் ஒருவர் போத்தலில் பதப்படுத்தி வைத்திருந்தார். அது கைமாறிக் காட்சிப் பொருளாகி, கடைசியில் காவல்துறையிடம் போனது. அதைத் திரும்பக் கேட்டவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒருவர் தன் உழைப்பையும் திறமையையும் செலுத்தி, அடக்கத்துக்குக் காத்திருக்கும் வெறும் பிணத்திலிருந்து வேறுபட்ட ஒன்றாக ஓர் உடலை மாற்றிவிட்டால், அதை வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டாகலாம் என்பது அதன் சாரம்.

இந்த விதி இங்கிலாந்தில் உறுதிப்பட்ட இடம் எது தெரியுமா? ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸேதான். 1990களில் ஒரு சிற்பி, அங்கு வேலை செய்த ஒருவரின் உதவியோடு, கல்லூரியில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த உடற்பாகங்கள் பலவற்றை வெளியே எடுத்துச் சென்று அச்செடுத்துச் சிற்பங்கள் செய்தார். அரசு எதிர் கெல்லி என்று அறியப்படும் அந்த வழக்கில் 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: பிணம் சொத்தல்ல என்ற விதி தொடர்கிறது, ஆனால் அறுத்தல், பதப்படுத்தல் போன்ற திறமைகளால் வேறு தன்மை பெற்றுவிட்ட உடற்பாகம் சொத்தாகலாம். எனவே சிற்பி செய்தது திருட்டு. அவர் சிறைக்குப் போனார்.

இரண்டு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முழு மனிதரை எடுத்தவர் திருடரல்ல. அப்படி எடுத்தவர்களின் வாரிசு அமைப்பிடமிருந்து பாகங்களை எடுத்தவர் திருடர். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு கொப்பரைக் கொதிநீர். வேகவைத்துக் கம்பி கோத்ததும், யாருக்கும் சொந்தமில்லாத ஒன்று சொத்தாகிவிடுகிறது. ஓர் உடலுக்கு எவ்வளவு அதிகமாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு அதன் மீது உரிமை கூடுகிறது. மீறலே பட்டாவாகிவிடுகிறது.

சவம், உறுப்பு, திசு இவற்றைக் கையாள்வதற்கு ஒப்புதலை அடிப்படையாக்கிய 2004ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டமும் பைர்னுக்கு உதவவில்லை. இறந்து நூறாண்டு தாண்டிய பழைய உடல்களுக்கு அதன் ஒப்புதல் நிபந்தனை பொருந்தாது. போதுமான காலம் கடத்தினால் கேள்வியே எழாது என்றாகிவிட்டது.

பற்கள் சொன்னது

இனி எதிர்த்தரப்பு. அதன் வலுவான வாதத்தைக் குறைத்துக் காட்டினால் இந்த ஆய்வுக்கு மதிப்பில்லை.

1909இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் லண்டன் வந்தபோது, அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஆர்தர் கீத்துடன் சேர்ந்து பைர்னின் மண்டையோட்டைத் திறந்து பார்த்தார். மூளையின் அடியில் பிட்யூட்டரி சுரப்பி அமரும் எலும்புக் குழி அளவுக்கு மீறி விரிந்திருந்தது. சுரப்பியில் கட்டி இருந்ததற்கான தடயம் அது. எலும்புகளின் வளர்ச்சித் தட்டுகள் மூடிக்கொள்ளும் முன்பே இத்தகைய கட்டி வளர்ச்சி ஹார்மோனை அளவின்றிச் சுரந்தால், உடல் நீண்டுகொண்டே போகும். ஊரார் வைக்கோற்போரில் தேடிய விடை ஒரு சிறு குழிக்குள் இருந்தது.

நூறாண்டு கழித்து, மார்த்தா கொர்போனிட்ஸ் தலைமையிலான குழு பைர்னின் இரண்டு பற்களிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுத்தது. ஏஐபி என்ற மரபணுவில் ஒரு பிறழ்வு இருப்பது தெரிந்தது. அதே பிறழ்வு வட அயர்லாந்தில் இன்று வாழும் சில குடும்பங்களிலும் இருந்தது. அவர்களுக்கும் பைர்னுக்கும் சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்திருக்க வேண்டும் என்று 2011இல் வெளியான அந்த ஆய்வு கணக்கிட்டது. அதைத் தொடர்ந்து அந்த வட்டாரத்தில் பொதுமக்களிடையே பரிசோதனை நடந்தது. பைர்ன் பிறந்த பகுதியை உள்ளடக்கிய மிட் அல்ஸ்டரில் ஏறத்தாழ 150 பேருக்கு ஒருவர் இந்தப் பிறழ்வைச் சுமப்பது தெரியவந்தது.

இது காகித அளவில் நின்றுவிட்ட பயன் அல்ல. பிறழ்வு இருப்பது முன்பே தெரிந்தால் குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணிக்கலாம், கட்டியை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கலாம், பார்வை பாதிக்கப்படும் முன்பே சிகிச்சை தரலாம். 22 வயதில் இறந்த ஒருவரின் பல், அதே மண்ணில் பிறக்கும் பிள்ளைகளுக்கு உதவுகிறது. பைர்ன் 1783இல் கடலுக்குள் போயிருந்தால் இந்தக் கண்ணி கிடைத்திருக்காது. 1950இலோ 1990இலோ நல்லெண்ணத்தோடு அடக்கம் செய்திருந்தாலும் கிடைத்திருக்காது. இதை மறுத்துவிட்டு ஒழுக்கம் பேசுவது எளிது. ஆனால் நேர்மையாக இருக்காது.

இதே நோயோடு வாழ்கிறவர்களில் சிலர், எலும்புகளை ஆய்வுக்கு வைத்திருக்க வேண்டும் என்றே சொல்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். அவர்களுடைய குரலை எளிதில் கடந்துபோக முடியாது. பைர்னுக்கு நேர் வாரிசு என்று யாரும் முன்வரவில்லை. அந்த இடத்தில், அவருடைய உடல் பட்ட பாட்டைத் தங்கள் உடலில் அறிந்தவர்கள் வந்து நிற்கிறார்கள். ஒரு வகையில் உறவினர்கள்தான். ஆனால் உறவினருக்கும் ஓர் எல்லை உண்டு. தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனவரின் சொல்லை மாற்றும் அதிகாரம் உடன்பிறந்தவருக்கே இருக்கிறதா என்பது கேள்வி என்றால், ஆயிரத்தைந்நூறு ஆண்டு தொலைவில் உள்ள உறவுக்கு அது எங்கிருந்து வரும்?

விவாதம்

அதே 2011ஆம் ஆண்டின் இறுதியில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவ அறவியலாளர் லென் டோயலும் சட்ட அறிஞர் தாமஸ் முயின்சரும் பைர்னைக் கடலிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று எழுதினார்கள். வேண்டிய மரபணுப் பொருள் எடுக்கப்பட்டுவிட்டது, கற்பிக்க ஒரு மாதிரி வடிவம் போதும், பிறகு உண்மை எலும்பு எதற்கு என்பது அவர்களுடைய வாதம். அருங்காட்சியகம் அப்போது அசைந்துகொடுக்கவில்லை. ஆய்வுப் பயன், விருப்பத்தை நிறைவேற்றுவதால் வரும் பயனைவிட அதிகம் என்பதே அதன் நிலைப்பாடு.

இந்த விவாதத்தில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் எனக்கு எரிச்சலூட்டுவது. உயிரோடு இருந்தபோதே காசு வாங்கிக்கொண்டு தன்னைக் காட்டியவர்தானே, இறந்த பிறகு காட்டினால் என்ன என்பது. கூலிக்கு ஏர் உழுதவனை இறந்த பிறகும் நுகத்தில் கட்டலாம் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஸ்பிரிங் கார்டன்ஸில் அவர் உடையணிந்து அமர்ந்திருந்தார். வந்தவர்களோடு பேசினார். காசு அவர் பைக்குப் போனது. பிடிக்காத நாளில் கதவைச் சாத்த முடிந்தது. வாழ்வில் அவர் தந்த ஒப்புதலுக்கு விலையும் எல்லையும் இருந்தன. எல்லை எது என்பதையும் அவரே சொன்னார்: மரணம்.

எதிர் எடுத்துக்காட்டாக ஜெரமி பெந்தமைப் பார்க்கலாம். 1832 ஜூனில் இறந்த இந்தத் தத்துவவாதி, தன் உடலை நண்பரான மருத்துவர் பலர் முன்னிலையில் அறுத்துக் காட்ட வேண்டும், பிறகு எலும்புக்கூட்டுக்குத் தன் உடைகளை அணிவித்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் என்று விரிவாக எழுதிவைத்தார். இன்றும் அவர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறார். தலையைப் பதப்படுத்திய முயற்சி கோரமாக முடிந்ததால் மெழுகுத் தலை பொருத்தினார்கள். பார்க்க வேடிக்கையாகக்கூட இருக்கும். ஆனால் யார் மனமும் குறுகுறுப்பதில்லை. பெந்தமின் எலும்பும் பைர்னின் எலும்பும் ஒரே நகரத்தில், ஒரே காலத்தில் காட்சிக்கு இருந்தவை. வேறுபாடு எலும்பில் இல்லை. ஒருவர் ‘செய்’ என்றார், மற்றவர் ‘செய்யாதே’ என்றார். பெந்தமின் சொல்லும் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நண்பர்கள் மதித்தார்கள், நடந்தது. படித்த, வசதியான, செல்வாக்குள்ள நண்பர்கள். பைர்னின் நண்பர்களும் மதிக்கத்தான் செய்தார்கள். அவர்கள் கையில் கல் கொடுத்து அனுப்பப்பட்டது.

யாருடைய உடல் கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது என்பதில் தற்செயல் குறைவு. தென்னாப்பிரிக்கக் கோய்கோய் இனத்துப் பெண் சாரா பார்ட்மன் உயிரோடு லண்டனிலும் பாரிஸிலும் காட்சிப்படுத்தப்பட்டார். 1815இல் இறந்ததும் அவரை அறுத்தார்கள். எலும்புக்கூடும் உடலின் வார்ப்பும் 1970கள் வரை பாரிஸில் பார்வைக்கு இருந்தன. 2002இல்தான் அவர் சொந்த மண்ணில் அடக்கமானார். நம் காலத்திலும் கதை அடியோடு மாறிவிடவில்லை. திசுக்களில் உள்ள நீரை நீக்கிச் செயற்கைப் பிசினை ஏற்றும் முறையை குந்தர் ஃபான் ஹாகன்ஸ் 1977இல் உருவாக்கிய பிறகு, தோலுரித்த உடல்களின் கண்காட்சிகள் நாடு நாடாகச் சுற்றின. தன் கண்காட்சிக்கான உடல்கள் ஒப்புதலோடு தானம் செய்யப்பட்டவை என்பது அவர் தரப்பு. ஆனால் சீனாவிலிருந்து உடல்களைப் பெற்ற ஒரு போட்டி நிறுவனம், அவை சிறையில் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் அல்ல என்று தன்னால் உறுதிப்படுத்த இயலாது என்று பார்வையாளர்களுக்கு அறிவிப்பு வைக்க, 2008இல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞருடன் உடன்பாடு செய்துகொள்ள நேர்ந்தது. அந்த அறிவிப்பைப் படித்துவிட்டும் உள்ளே நுழைந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

ஹண்டரின் சொந்த எலும்புகளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். 1859இல் அந்த நிலவறையைக் காலி செய்தபோது, ஃபிராங்க் பக்லண்ட் என்ற மருத்துவர், அடுக்கி வைத்திருந்த ஆயிரக்கணக்கான சவப்பெட்டிகளுக்கிடையே நாள்கணக்கில் தேடி ஹண்டரின் பெட்டியைக் கண்டுபிடித்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரசர்களுக்கும் கவிஞர்களுக்கும் அருகே மரியாதையோடு மறு அடக்கம் நடந்தது. இறந்து 66 ஆண்டு ஆனவரின் எலும்புக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் அன்றைய மருத்துவ உலகத்துக்கு ஐயமே இருக்கவில்லை. காலம் கடந்துவிட்டதே என்றும் யாரும் சொல்லவில்லை.

2023

அருங்காட்சியகம் 2017இல் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டது. மீண்டும் திறக்கும் முன், 2023 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பைர்னின் எலும்புக்கூடு இனிப் பார்வைக்கு வைக்கப்படாது. ஆனால் வளர்ச்சி மிகைப்பு நோய்கள் குறித்த உண்மையான ஆய்வுகளுக்காகச் சேகரிப்பிலேயே வைத்திருக்கப்படும். ஹண்டர் செய்தது தவறு என்று அருங்காட்சியகத் தரப்பிலேயே வெளிப்படையாகச் சொன்னார்கள். 240 ஆண்டுகளில் அதுவே பெரிய நகர்வு.

பலர் இதை நடுவழித் தீர்வு என்று பாராட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பைர்ன் பயந்தது பார்வையாளர்களைக் கண்டு அல்ல, பார்வையாளர்கள் அவருடைய பிழைப்பு. அவர் பயந்தது உடற்கூறியலாளர்களை. எந்தக் கையிடமிருந்து தப்ப அவர் ஈயப் பெட்டியும் கடலும் கேட்டாரோ, அதே கைக்கு மட்டுமே இனி அவர் கிடைப்பார் என்பதுதான் இந்த ஏற்பாடு. காட்சியிலிருந்து எடுத்ததால் நம்முடைய சங்கடம் தீர்ந்தது. அவருடைய விருப்பம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் உடனே கடலுக்கு அனுப்பிவிடலாமா? நான் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் பற்களின் சாட்சியத்தை மறந்துவிட்டு அல்ல. ஆய்வுக்காக வைத்திருக்கிறோம் என்பவர்களிடம் கேட்க வேண்டியது எந்த ஆய்வு, எந்தக் கேள்வி, எந்த ஆண்டுக்குள் என்பது. உறைந்த நிலையில் காக்கப்படும் மரபணுப் பொருளோ, நுண்ணிய ஊடுகதிர்ப் படங்களோ விடை தர முடியாத ஒரு கேள்வியை அவர்கள் காட்டினால், அதற்கு ஒரு காலக்கெடு வைக்கலாம். ‘எதிர்காலத்தில் ஏதேனும் பயன்படலாம்’ என்பது மட்டும் காரணம் என்றால், அது என்றைக்கும் தீராத காரணம். உலகில் எந்த எலும்பையும் எந்தக் கல்லறையிலிருந்தும் எடுத்து வைத்துக்கொள்ள அது போதும்.

அயர்லாந்து மண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்கிறவர்களும் உண்டு. அதில் நியாயமான அன்பு இருக்கிறது. கடல் என்பது அவருக்குப் பாதுகாப்புதானே தவிரச் சடங்கு அல்ல, தோண்டுகிறவர்கள் இல்லாத இன்று ஊர் மண்ணே போதுமே என்று வாதாடலாம். இருந்தாலும் அவர் வாயிலிருந்து வந்த சொல் கடல். அவருக்கு எது நல்லது என்று அவருக்குப் பதிலாக முடிவு செய்கிறவர்களுக்கு இந்த 240 ஆண்டுகளில் எந்தப் பஞ்சமும் இருந்ததில்லை.

2023 மே மாதம் அருங்காட்சியகம் திறந்தது. பைர்னின் உயரமான கண்ணாடிப் பெட்டி இப்போது இல்லை. ரெனால்ட்ஸ் தீட்டிய ஹண்டரின் படம் இருக்கிறது. ஹண்டர் கையில் எழுதுகோலோடு, ஏதோ ஆழ்ந்த சிந்தனையில் மேலே பார்க்கிறார். அவருக்குப் பின்னால், வலது மேல் மூலையில், சட்டத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டு, இரண்டு நீண்ட கால்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன.